இருபத்து நான்கு வீடுகளும் ஒரு நாள் குடித்தனமும்

வியாழன், காலை 6.20.

கோயம்புத்தூர் ரயில் நிலையத்தில் இறங்கும்போதே கழுத்து பிடித்துக்கொண்டிருந்தது. சென்னையிலிருந்து ராத்திரி முழுக்கப் பக்கத்துப் படுக்கைக்காரர் குறட்டை விட்டுக்கொண்டே வந்தார். இறங்கும்போது அவரே, "நல்லாத் தூங்குனீங்களா?" என்று அக்கறையாக விசாரித்தார். தூங்கினேன் என்று சொல்லிவைத்தேன். வெளியே வந்து ஒன்றரை ரூபாய்க்கு ஒரு டீ குடித்தேன். தை மாதக் குளிருக்கு அது தொண்டையோடு சரி.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது இது. அப்போது நான் ஒரு நிவாரண அமைப்பில் வேலை பார்த்தேன். புயலும் வெள்ளமும் வந்த இடங்களில் உதவி கொடுத்து முடித்த பிறகு, அது உருப்படியாகப் போய்ச் சேர்ந்ததா என்று பார்த்து எழுதுவது என் பாடு. கொடுக்கிற அன்றைக்குப் பந்தல் இருக்கும், மைக் இருக்கும், போட்டோ இருக்கும். நான் போகிற அன்றைக்குப் பந்தக்கால் பிடுங்கிய குழி இருக்கும். இந்த வேலைக்குத் துணைக்கு யாரையும் அனுப்ப மாட்டார்கள். ஒரு பை, பதினான்கு பக்கப் படிவம், நான்.

கடலே இல்லாத கொங்கு நாட்டில் புயலுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். கிழக்கே கரையேறிய புயல் ஒன்று மலைப்பக்கம் போய்க் கொட்டித் தீர்த்ததில், அமராவதியில் வெள்ளம் வந்து, தாராபுரத்துக்குக் கிழக்கே ஆற்றோரம் இருந்த பண்ணைக் கூலிக்காரர்களின் குடிசைகளை ஒரே பிற்பகலில் வழித்துக்கொண்டு போய்விட்டது. எங்கள் அமைப்பு அவர்களுக்கு ஆற்றிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி, மேட்டு நிலத்தில், இருபத்து நான்கு ஓட்டு வீடுகள் கட்டிக் கொடுத்தது. இப்போது நான் போய்ப் பார்த்து, எல்லோரும் குடியேறிவிட்டார்கள், குறையில்லை என்று எழுதினால் கோப்பை மூடிவிடுவார்கள். மிச்சப் பணம் வேறு மாவட்டத்துக்குப் போய்விடும். குறை இருக்கிறது என்று எழுதினால் பணம் இங்கேயே நிற்கும், குறை தீரும். இவ்வளவுதான் விஷயம்.

காலை 8.05.

கரூர் போகிற பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. வெள்ளகோவிலுக்குப் பதின்மூன்று ரூபாய். தொண்ணூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூடக்குறைய. சூலூர் தாண்டும்போது விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் தலைக்கு மேல் போனது. பஸ்ஸில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை, என்னைத் தவிர. பல்லடம் வரைக்கும் விசைத்தறிச் சத்தம் ஒரு ஊரில் முடிந்து அடுத்த ஊரில் தொடங்கியது.

பல்லடத்தில் ஏறிய ஓர் அம்மாள் என் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் கூடையை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கி முடித்ததும் கேட்டார்: "ஏனுங்க அம்மணி, எந்தூருங்க?"

"நாகப்பட்டினம் பக்கம். இப்ப மெட்ராஸ்ல இருக்கேன்."

"ஊட்டுக்காரரு கூட வரலீங்களா?"

"அவர் பேங்க்ல இருக்கார். லீவு கிடைக்கலை."

பதினொரு வருஷமாக நான் சொல்லி வருகிற பதில் இது. அவர் பேங்கில் இருப்பது நிஜம். என்னோடு இல்லை என்பதைப் பல்லடத்து அம்மாளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? அந்த அம்மாள் கூடையிலிருந்து ஒரு கொய்யாப்பழத்தை எடுத்து, முந்தானையில் துடைத்துக் கொடுத்தார். "தனியாப் போறீங்க, பசிச்சா சாப்புடுங்க" என்றார். காங்கேயத்தில் அவர் இறங்கிப் போன பிறகு அந்த சீட்டுக்கு வெள்ளகோவில் வரைக்கும் ஆள் வரவில்லை.

காங்கேயம் தாண்டினால் நிலம் வேறு மாதிரி. கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் காடுகள், நடுவில் ஒற்றை வேலமரம், அதன் நிழலில் இரண்டு மாடு. என்னைப் போல் காவிரிக் கடைமடையில் பிறந்தவளுக்கு இவ்வளவு காய்ந்த தரையைப் பார்த்தால் முதலில் வாய் உலரும்.

காலை 10.50.

வெள்ளகோவிலில் நாச்சிமுத்து ஜீப்போடு காத்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும், வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. ஊர் நிவாரணக் கமிட்டித் தலைவர். வீடு கட்டிய மேட்டு நிலம் அவருடையதுதான். காசு வாங்காமல் எழுதிக் கொடுத்தவர். லாட்ஜில் பையைப் போட்டுவிட்டு, அறுபது ரூபாய் வாடகை, முகம் கழுவிக்கொண்டு கிளம்பினேன். மூலனூர் வழியாக இருபத்திரண்டு கிலோமீட்டர். வழி நெடுக அவர் என் பிரயாணம் பற்றி விசாரித்தார், என் கழுத்துக்கு நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்க்கச் சொன்னார், என் வீட்டுக்காரரைப் பற்றியும் விசாரித்தார். பேங்க் என்றேன். ரொம்ப சந்தோஷப்பட்டார்.

பகல் 11.45.

இரண்டு வரிசையாக, வரிசைக்குப் பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு வாசலிலும் கோலம். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள். ஆண்கள் துண்டை இடுப்பில் கட்டி நின்றார்கள். அடுப்புப் புகை ஓட்டுக்கு மேல் கிளம்பிக்கொண்டிருந்தது. இவ்வளவு நிறைவாகக் குடியேறிய காலனியை என் அனுபவத்தில் பார்த்ததில்லை. என் தலைமை அலுவலகத்தில் இதைச் சட்டம் போட்டு மாட்டலாம் என்று தோன்றியது.

படிவத்தை எடுத்துக்கொண்டு வீடு வீடாக ஏறினேன்.

"வீடு எப்படி இருக்கு?"

"நல்லாருக்குதுங்க."

"மழைக்கு ஒழுகுதா?"

"ஒழுகறதில்லீங்க."

"ஏதாவது குறை?"

"குறையெல்லாம் ஒண்ணுமில்லீங்க. மொதல்ல உக்காருங்க அம்மணி. மோர் குடிங்க."

எங்கள் ஊரில் குறை சொல்லுங்கள் என்றால் வரிசையில் நிற்பார்கள். கொடுத்த தார்ப்பாயைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே விரித்து, ஓட்டையில் விரலை விட்டுக் காட்டுவார்கள். ஒரு முறை கீச்சாங்குப்பத்தில் ஒரு பெண் என் படிவத்தைப் பிடுங்கித் தன் கையாலேயே நிரப்பினாள். அந்தச் சண்டைக்கெல்லாம் பழகியவளுக்கு இருபத்து நான்கு வீட்டிலும் மோர் கிடைத்தால் மயக்கம் வராமல் என்ன செய்யும்?

குடிநீர் என்ற கட்டத்துக்கு வந்தேன். தெருக் கோடியில் கைப்பம்பைக் காட்டினார்கள். பச்சைப் பெயின்ட் அடித்து, மஞ்சள் குங்குமம் வைத்து, சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். மாலை போட்ட பம்பைப் பிடித்து அடித்துப் பார்க்க யாருக்குத் தோன்றும்? 'உண்டு' என்று எழுதினேன்.

பதினேழாவது வீட்டில் மாராத்தாள் என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயதிருக்கலாம், நெற்றியில் பொட்டில்லை. அவள் வீட்டில் மட்டும் அடுப்படிச் சுவர் கரிபிடித்துக் கன்னங்கரேலென்று இருந்தது. மற்ற வீடெல்லாம் வெள்ளைவெளேரென்று வைத்திருக்கிறார்கள், இவள் சரியான சோம்பேறி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தக் காலனியிலேயே அவளைப் போல் சந்தோஷமான ஆளை நான் பார்க்கவில்லை. இந்த வீட்டுக்கு உப்பு கொடுக்க ஓடினாள், அந்த வீட்டுக் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். 'மிகவும் மகிழ்ச்சியான பயனாளி' என்று ஓரத்தில் குறித்தேன்.

மதியம் அரிசியும் பருப்பும் சேர்த்து ஆக்கிய சோறு, மேலே நெய். எல்லா வீட்டிலிருந்தும் ஒரு கரண்டி வந்தது. நாச்சிமுத்து மட்டும் வயிறு சரியில்லை என்று சொல்லிக் கீழே இறங்காமல் ஜீப்பிலேயே இருந்தார். அவருடைய வயிறு இந்தத் தெருவுக்கு வரும்போதெல்லாம் சரியில்லாமல் போகுமோ என்னவோ. சாப்பிட்ட பின் ஒரு பெண் எனக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். சின்ன டம்ளரில், பாதி டம்ளர்.

மாலை நாலரைக்குக் கிளம்பினேன். அத்தனை பேரும் ரோடு வரை வந்து அனுப்பினார்கள்.

வியாழன், மாலை 6.00.

லாட்ஜ் அறையில் கட்டிலில் உட்கார்ந்து படிவங்களை அடுக்கினேன். இருபத்து நான்கும் ஒரே மாதிரி. மனதுக்குள் ஏதோ உறுத்தியது. ஜீப் போய் நின்றபோது ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கொடியில் துணி காயவில்லை. தெருவில் எங்கேயும் கோழி எச்சத்தை நான் மிதிக்கவில்லை. மனிதர்கள் ஆறு மாதம் குடியிருந்த இடத்தில் கோழி எச்சம் இல்லாமல் இருக்குமா?

சும்மா கிட, இந்த ஒரு தடவையாவது நல்லபடியாக இருந்துவிட்டுப் போகட்டுமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்லது நடந்திருக்கிறது என்று எழுதி எவ்வளவு காலமாகிவிட்டது. பூத்துக்குப் போய் யாருக்காவது போன் செய்யலாம் என்று எழுந்தேன். யாருக்கு என்று யோசித்து, திரும்ப உட்கார்ந்துவிட்டேன்.

வெள்ளி, காலை 6.00.

முதல் டவுன் பஸ், மூன்று ரூபாய். விலக்கில் இறங்கி இரண்டு கிலோமீட்டர் நடந்தேன். பனி விலகாத மண் பாதை.

காலனியில் ஆளில்லை. கதவுகளில் பூட்டு. ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனேன். நேற்றுப் போட்ட கோலங்கள் அப்படியே இருந்தன. மிதிக்க ஆளில்லாத கோலம் அழியாது. பம்பில் மாலை வாடித் தொங்கியது. அதை ஒதுக்கிவிட்டுப் பிடியை அடித்தேன். இருபது அடி, முப்பது அடி. காற்று வந்தது.

அப்போது பாதையில் மாராத்தாள் வந்தாள். தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

"ஏனுங்க்கா, நீங்களா? நேத்தே ஊருக்குப் போயிருப்பீங்கன்னு நெனச்சேனுங்க."

"எல்லாரும் எங்க மாராத்தா?"

குடங்களை இறக்கி வைத்தாள். "ஆத்தோரத்துக்கே போயிட்டாங்க. வேலை அங்க, தண்ணியும் அங்க. ஓலையப் போட்டு மறுக்கா குடுசை கட்டிக்கிட்டாங்க. இந்தப் பம்புல ஒரு மாசந்தானுங்க தண்ணி வந்துச்சு. எடங் குடுத்த பெரியவரு இன்னொரு எடத்துல குழி போட்டுப் பாத்தாரு, அதுலயும் தண்ணியில்லாம வெறும் புழுதிப் பொகைதான் வந்துச்சு."

"அப்ப நேத்து?"

"வெடியறதுக்கு முன்னாலயே கெளம்பி, பாயி, சட்டி, புள்ளைக எல்லாத்தையும் தூக்கிக்கிட்டு நடந்து வந்தாங்க. நீங்க அத்தன தொலவுல இருந்து வாரீங்க. காலி ஊட்டக் காட்டி அனுப்பறதுங்களா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. யார்மேல் என்று தெரியாததால் மாராத்தாளிடமே கேட்டேன். "நீ ஏன் போகலை?"

குடத்தில் ஒட்டியிருந்த இலையை எடுத்துப் போட்டாள். "அந்தத் தண்ணியப் பாக்க முடியலீங்க்கா. வெள்ளம் வந்தன்னிக்கு எங்கூட்டுக்காரரு, ஆட்ட அவுத்துட்டு வாரேன்னு போனாரு. ஆடு ரெண்டும் வந்துருச்சுங்க."

வாசற்படியில் உட்கார்ந்தோம். கரிபிடித்த சுவர் உள்ளே தெரிந்தது. இருபத்து நான்கு வீட்டில் அடுப்பெரிந்த ஒரே வீட்டைப் பார்த்து நேற்று சோம்பேறி என்று நினைத்த என் புத்தியை எதால் அடிப்பது?

"தனியா எப்படி இருக்க?" என்று கேட்டேன்.

"பகல்ல பருத்தி எடுக்கப் போயிருவேனுங்க. பொழுது எறங்குனாத்தான் பாடு. இருவத்தி மூணு பூட்டையும் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். நேத்து ரொம்ப நல்லாருந்துச்சுங்க்கா. பக்கத்தூட்டுல பாத்திரம் உருட்டற சத்தம் கேட்டுக்கிட்டே சோறாக்குனேன்."

"நேத்தே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. தண்ணி இல்லைன்னு தெரிஞ்சா நான் எழுதுவேன். அதுக்குப் பணம் இருக்கு. நல்லாருக்குன்னு எழுதிட்டா பணம் போயிடும். தண்ணி வந்தாத்தான் அவங்க வருவாங்க."

"தெரியுமுங்க. சொல்லலாம்னுதான் இருந்தேன்." பூட்டிய வீடுகள் பக்கம் கையைக் காட்டினாள். "சொல்லியிருந்தா எல்லாரும் அப்பவே சட்டியத் தூக்கிக்கிட்டுப் போயிருப்பாங்களேங்க்கா. சாயங்காலம் வரைக்குமாச்சும் இருக்கட்டும்னு உட்டுட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. வேலைக்குப் போன இடத்தில் நான் அழுததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு புயலுக்கு மறுநாள், பிணங்களுக்கு நடுவே நின்று பெயர் எழுதியவள் நான். மூக்கைச் சிந்திக்கொண்டே, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னேன். என் வீட்டிலும் யாரும் இல்லை, அவர் என்னை விட்டுப் போய்ப் பதினொரு வருஷமாகிறது, ஆபீஸ் விட்டுப் போய் விளக்கைப் போட்டால் காலையில் வைத்த இடத்தில் அப்படியே டம்ளர் இருக்கும் என்றேன்.

"அப்படீங்களா" என்றாள் மாராத்தாள். உள்ளே போய் அடுப்பை மூட்டிக் கடுங்காப்பி போட்டு வந்தாள். எங்கோ ஒரு தோட்டத்துக் கிணற்றிலிருந்து இரண்டு கிலோமீட்டர் சுமந்து வந்த தண்ணீரில் எனக்கு ஒரு டம்ளர் நிறையக் கொடுத்தாள்.

எட்டு மணிக்கு எழுந்தேன். இருந்ததை இருந்தபடி எழுதுகிறேன், ஆழ்துளைக் கிணறு கேட்கிறேன் என்றேன். எவ்வளவு நாளாகும் என்று கேட்டாள். மேலிடத்தில் ஒப்புக்கொண்டு, துளை போடுகிற வண்டி வந்து, தண்ணீர் பார்க்க எப்படியும் நாலைந்து மாதமாகும் என்றேன். பொய் சொல்ல மனம் வரவில்லை.

பாதை வரைக்கும் கூடவே வந்தாள். "ஏனுங்க்கா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சுக்க மாட்டீங்களே."

"கேளு."

"அமாவாசைக்கு ஏர் பூட்ட மாட்டாங்க, கூலி வேலையும் இருக்காதுங்க. அன்னிக்கு மறுக்கா பாக்க வாரேன்னு ஒரு காயிதம் போடுங்க. நீங்க வாரீங்கன்னா எல்லாரும் வந்துருவாங்க."

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். நான் தலையை ஆட்டிவிட்டு நடந்தேன்.

காலை 10.30.

நாச்சிமுத்துவை அவருடைய தேங்காய்க் களத்தில் பிடித்தேன். நான் சொல்லி முடிக்கும் வரை துண்டை மடித்துக்கொண்டே இருந்தார்.

"அம்மணி, எங்கயோ கடலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்துப் புள்ளைக உண்டியல் ஒடச்சுக் குடுத்த காசும் இதுல இருக்குதுன்னு உங்க ஆளுகதான் சொன்னாங்க. அதுங்ககிட்டப் போயி, நீங்க கட்டுன ஊடு சும்மா கெடக்குதுன்னு எப்படிங்க சொல்றது? மனசு நோகாதுங்களா?"

"அதுக்காகத் தண்ணியில்லாம சாகறதா?"

"எடங் குடுத்தவன் நானுங்க. என்ற காட்டுல தண்ணியில்லைன்னு எழுதுனா எனக்கும் கௌரவமில்லை. அதையும் சொல்லிப்போடறேன்."

நான் சத்தம் போடத் தயாராகத்தான் போயிருந்தேன். அதை அவரே சொல்லிவிட்ட பிறகு போட முடியவில்லை. "என் மனசு நோகாதுங்க, அதுக்குத்தான் எனக்குச் சம்பளம்" என்றேன். அவர் இரண்டு இளநீர் வெட்டச் சொன்னார். குடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்றார். குடித்துவிட்டுத்தான் போனேன்.

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நேற்றைய இருபத்து நான்கு படிவங்களையும் குறுக்கே அடித்தேன். 'கட்டிய வீடு இருபத்து நான்கு. குடியிருப்பது ஒன்று. காரணம் தண்ணீர்' என்று எழுதினேன். பதினான்கு பக்கத்துக்கு அதுவே போதும்.

சென்னை, அடுத்த வாரம்.

எங்கள் நாகப்பட்டினத்து ஆட்கள் சண்டை போட்டாவது வாங்கிக்கொள்வார்கள். இந்த மனிதர்கள் கொடுத்தவர் மனம் நோகக்கூடாதென்று தாகத்தோடு நிற்பார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் முந்நூறு கிலோமீட்டர் கூட இல்லை. அறிக்கையை மேலதிகாரி படித்தார். இருபத்து நான்கு பேரும் சேர்ந்து நம்மை ஏமாற்றிவிட்டார்களே என்றார். நடந்ததைப் பொறுமையாக விளக்கினேன். பொறுமை என் சுபாவமில்லை, அன்றைக்கு வந்தது. கிணற்றுக்கு ஒப்புக்கொண்டார். வண்டி வைகாசியில் போகும்.

வைகாசிக்கு முன்னால் நாலு அமாவாசை இருந்தது. என் தொழிலில் இரண்டாம் தடவை போவதென்றால் சொல்லாமல் போக வேண்டும், அதுதான் விதி. அன்று சாயங்காலம் அறையில் விளக்கைப் போட்டு, காலண்டரைப் பார்த்து, நாலு அமாவாசைக்கும் என் சொந்த லீவைக் குறித்துக்கொண்டு, நாச்சிமுத்துவுக்கு ஒரு கார்டு எழுதினேன்.

"ஐயா, வணக்கம். வருகிற அமாவாசையன்று காலை ஒன்பது மணிக்குக் காலனிக்கு வருகிறேன். எல்லோரும் அவரவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று தயவுசெய்து சொல்லிவிடுங்கள். இந்த முறை ஒவ்வொரு வீட்டிலும் நிறைய நேரம் ஆகும். இருட்டுகிற வரைக்கும் இருப்பேன்."